நல்லதண்ணி ஒரு குடம்: பாம்பனிலும் கீழக்கரையிலும் ஏழு நாள்

பிப்ரவரி 13, 2026, வெள்ளி – பாம்பன்

இரண்டு மாணவிகள். ஒருவர் பினாங்குப் பெண், கடற்பாசி பற்றிப் படிப்பவர். பாம்பன் தெற்குவாடிப் பக்கம் ஒரு மீனவர் வீட்டில் பத்து வாரம் தங்குகிறார். இன்னொருவர் டொராண்டோவில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண், பழைய வீடுகளின் கட்டுமானம் பற்றிய படிப்பு. மூன்று நாள் பாம்பனில் பழகிவிட்டுக் கீழக்கரைக்குப் போகிறார். இருவரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான், ஆனாலும் வந்திருப்பது வெளிநாட்டுக்கு. மொழி தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைத்து வருகிறவர்களுக்குத்தான் முதல் வாரம் கடினமாகிறது. அவர்களுக்கும், அவர்களுக்கு வீடு கொடுக்கிறவர்களுக்குமாக இந்தக் குறிப்புகள்.

வந்து சேர்ந்ததும் பதிவு வேலை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிறவரை யார் தங்கவைத்தாலும், வீடானாலும் விடுதியானாலும், 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் விவரம் பதிந்தாக வேண்டும். சிக்கல் முகவரிக்குச் சான்றாகும் கரண்ட் பில்லில் வந்தது. தாத்தா காலமான பிறகும் பில் அவர் பேரிலேயே வருகிறது. வீட்டுக்காரர் பேரில் வீட்டுவரி ரசீது இருந்தது, ஆனால் அது பீரோவுக்குள் துணி மடிப்புக்கடியில் கிடந்ததால் தேடி எடுக்க இரவு ஒன்பது மணி. வீட்டுவரி ரசீது, வீட்டுக்காரர் ஆதார், மாணவியின் பாஸ்போர்ட், விசா பக்கம், போட்டோ, இவ்வளவும் ஒரு வாரம் முன்பே ஒரே போனில் படமாக இருக்கட்டும்.

முறைவைத்துக் கூப்பிடுவதை வாசலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. வீட்டுக்காரரை ‘அங்கிள்’ என்றதும் அவர் ஒரு அடி பின்வாங்கி நாற்காலி எடுத்துப் போட்டார். ‘மாமா’ என்றதும் நாற்காலியை மறந்துவிட்டு, “சாப்ட்டியாத்தா?” என்றார். அவர் மனைவி அத்தை, மகள் அக்கா, பாட்டி அம்மாச்சி. மாமா என்றால் அத்தை, சித்தப்பா என்றால் சித்தி; இந்த ஜோடி மாறினால் வீடே சிரிக்கும்.

இரவுக்குச் சூடை மீன் குழம்பு. முண்டு மிளகாய் அரைத்தது. இந்த மாவட்டத்து மிளகாய், 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. உருண்டையாக, தோல் தடித்து இருக்கும். முதல் வாயில் ஒன்றும் தெரியாது, மூன்றாவது வாயில் காது சூடாகும். அப்போது தண்ணீர் குடித்தால் காரம் வாய் முழுக்கப் பரவும். வெறும் சோறு ஒரு பிடி, அல்லது மோர். சூடை முள் நிறைந்த மீன். தலைப்பக்கம் பிடித்து முதுகோரம் விரலால் நீவிவிட்டால் சதை இரண்டாகப் பிரியும், நடுமுள் முழுசாக வந்துவிடும். குறுக்கே பிட்டால் முள் உடைந்து சோற்றோடு கலக்கும். அதன் பிறகு இருட்டில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

‘போதும்’ என்ற சொல் இங்கே காதில் விழாது. முதல் தடவை குறைவாக வாங்கிக்கொண்டு, இரண்டாம் தடவை போடும்போது மறுக்காமல் வாங்கினால் அத்தைக்குத் திருப்தி, வயிற்றுக்கும் பத்திரம்.

பிப்ரவரி 14, சனி – பாம்பன்

இன்று முழுக்கத் தண்ணீர்.

இந்த வீட்டில் இரண்டு தண்ணீர். அடிபம்பில் வருவது உப்புத்தண்ணி: குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க, கழிப்பறைக்கு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் குழாயிலும், வராத நாளில் லாரியிலும் பிடிப்பது நல்லதண்ணி: குடிக்க, உலை வைக்க, பருப்பு வேகவைக்க. லாரியில் ஒரு குடம் 15 ரூபாய் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் குடம் ஒன்றுக்கு ஏறத்தாழ 15 லிட்டர். ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஆறு குடம் என்பது அத்தையின் கணக்கு. ஆளுக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று.

காலை ஏழு மணிக்கு இரண்டு மாணவிகளும் குளித்து வந்தபோது அடுக்களையில் இரண்டு குடம் காலி. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தை தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். வீட்டு ஆட்கள் வாய்விட்டுச் சொல்லாத இடத்தில்தான் விருந்தாளி தவறு செய்கிறார். பினாங்கிலும் டொராண்டோவிலும் குழாயைத் திறந்தால் வருவது ஒரே தண்ணீர், அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதல் நாள் மாலையே வீட்டைச் சுற்றிக் காட்டும்போது எந்தக் குடம், எந்தத் தொட்டி, எந்தச் செம்பு என்று தொட்டுக் காட்டிவிட வேண்டும். இந்த முறை அது விடுபட்டது.

உப்புத்தண்ணியில் குளிக்கும் முறை: தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக் கால்மணி நேரம் விடவும். சோப்பு நுரைக்காது, தோலில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கசடாவதால் வருவது அது. ஷாம்பு நுரைக்கும். தலைக்கு சீயக்காய் அல்லது ஷாம்பு, உடம்புக்குப் பயத்தமாவு. கடைசியில் இரண்டு கப் நல்லதண்ணி தலையிலிருந்து வழிய விட்டால் போதும், முடி சிக்காது, தோலும் அரிக்காது. அந்த இரண்டு கப்பைத் தனிச் செம்பில் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், ஈரக்கையோடு வந்து குடத்தில் விடக் கூடாது. குடத்துக்குள் போவது கைப்பிடி வைத்த மொள்ளுசெம்பு மட்டும். வாய் வைத்த டம்ளர் எந்தக் காரணத்துக்கும் இல்லை.

பருப்புக்கு ஏன் நல்லதண்ணியைச் செலவழிக்கிறார்கள் என்று பினாங்குப் பெண் கேட்டார். அதே சுண்ணாம்புதான். உப்புத்தண்ணியில் துவரம்பருப்பு மூன்று விசில் விட்டாலும் நடுவில் கட்டியாக நிற்கும்.

காற்றுக்கு வருவோம். இப்போது வாடை, வடக்கிலிருந்து. பாம்பனின் வடக்கே பாக் விரிகுடாக் கடல் கலங்கிக் கிடக்கும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அமைதி. மே மாதம் கச்சான் காற்று எழுந்ததும் இது தலைகீழாகும். அறைக்கு வடக்கு ஜன்னல் இருந்தால் இப்போது இரவில் சாத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் பாயிலும் மடிக்கணினி விசைகளிலும் நறநறவென்று மணல். கண்ணாடியிலும் கேமரா லென்சிலும் உப்புப் படியும். அதை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புப்பரல் கீறிவிடும். முதலில் நல்லதண்ணியில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, பிறகுதான் உலர்த்தித் துடைப்பது. பையின் ஜிப் பத்தே நாளில் இறுகும், மெழுகுவர்த்தித் துண்டால் வாரம் ஒரு முறை தேய்த்துவிட்டால் ஓடும்.

பிப்ரவரி 15, ஞாயிறு – பாம்பன்

மகாசிவராத்திரி. ராமேஸ்வரத்துக்குப் போகும் வண்டிகள் விடியலிலிருந்தே நெருக்கியடித்தன. 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி, பக்கத்தில் புதிய ரயில் பாலத்தின் தூக்கு நடுப்பகுதியைப் படம் எடுக்காமல் யாரும் நகர்வதில்லை. போன ஏப்ரலில் திறந்ததிலிருந்து இந்த நிறுத்தம் அதிகம். தீவுக்குள் நுழையவும் வெளியேறவும் சாலை இது ஒன்றுதான், பாலத்தில் நின்றால் ஊருக்குள்ளும் நிற்கும். தங்கச்சிமடத்துப் பக்கமிருந்து வரவேண்டிய தண்ணீர் லாரி பத்து மணிக்கு வரவில்லை, மதியமும் வரவில்லை.

மூன்று மணிக்கு அம்மாச்சி இரண்டு குடமும் ஒரு தேங்காய்ச் சிரட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். கடலிலிருந்து இருநூறு அடி தள்ளி, தென்னந்தோப்பு மணலில் ஊற்று. இடுப்பளவு பள்ளம், அடியில் ஒரு சாண் தண்ணீர். சிரட்டையால் மணல் கலங்காமல் மேலாக மொண்டு மொண்டு ஊற்றவேண்டும். ஒரு குடம் நிறைய இருபது நிமிடம் ஆனது. மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் கடல்தண்ணீரின் மேல் மிதக்கிறது. நல்லதண்ணீர் எடை குறைவு. அவசரப்பட்டு ஆழத் தோண்டினாலோ மோட்டார் வைத்து இழுத்தாலோ கீழிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். கடலோரத்தில் எத்தனையோ கிணறு அப்படித்தான் உப்பானது. “ஏத்தா, வழிச்சு எடுக்காத, அது ஊறட்டும்,” என்றார் அம்மாச்சி.

இரண்டாவது குடத்தைப் பினாங்குப் பெண் இடுப்பில் வைத்து வந்தார். பாதி தளும்பிப்போனது. பனைமட்டைத் துண்டு ஒன்றைத் தண்ணீர் மேல் மிதக்கவிட்டால் தளும்பாது என்பதை அம்மாச்சி வீடு வந்த பிறகுதான் சொன்னார்.

இரவு முதல் அத்தை அந்தப் பெண்ணை ‘வாங்க போங்க’ என்பதை விட்டுவிட்டார். மறுநாள் வேலையும் சொன்னார்: காலைக் குழாயில் பிடிப்பது உன் பொறுப்பு. விருந்தாளியாக வைத்திருப்பது இரண்டு பக்கமும் களைப்பு. அத்தை தினமும் புதுப் பலகாரம் யோசிக்கவேண்டும், வந்தவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும். ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

பிப்ரவரி 16, திங்கள் – கீழக்கரை

ராமநாதபுரம் போய் பஸ் மாறி 17 கிலோமீட்டர். வெயில் இப்போதே சுள்ளென்று இருக்கிறது. பேருந்து நிலையத்தில் டீ 12 ரூபாய்.

கீழக்கரையில் கல்யாணமான பெண் தாய்வீட்டிலேயே இருப்பது பல குடும்பங்களில் வழக்கம். ஆண்கள் பலர் வளைகுடா நாட்டிலோ சென்னையிலோ. வீட்டை நடத்துவது பெண்கள்தான் என்பதால், படிக்க வரும் பெண்ணுக்கு இது பாதுகாப்பான, கலகலப்பான இடம். ஒரே ஒழுங்கு: ஆண் விருந்தினர் வந்தால் முன்கட்டு அவர்களுக்கு, பெண்கள் பின்கட்டு. கட்டுமானம் அளக்க வந்த மாணவிக்கு இது முக்கியம். எந்த அறையை எந்த நேரத்தில் அளக்கலாம் என்று வீட்டு அக்காவான லாத்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் டேப்பை எடுக்கவேண்டும். அவரே பின்னால் நின்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

சொற்கள் இங்கே வேறு. குழம்பு என்றால் ஆணம். அம்மா உம்மா, அக்கா லாத்தா, அண்ணன் காக்கா. காலைச் சாப்பாட்டுக்கு “பசியாறியாச்சா?” என்று கேட்டார்கள். பினாங்குப் பெண் இருந்திருந்தால் சொந்த ஊருக்கு வந்ததாக நினைத்திருப்பார், மலேசியத் தமிழரும் அப்படித்தான் கேட்பார்கள். டொராண்டோப் பெண்ணுக்கு வேறு இடத்தில் இடறியது. “உங்களோட கொஞ்சம் கதைக்கலாமா?” என்று மாமியிடம் கேட்டார். அவர் சிறு பிள்ளைக்குக் கதை சொல்லச் சொல்கிறார் என்று நினைத்து மாமி பேரனை எழுப்பிவிட்டார். யாழ்ப்பாணத்தில் கதைப்பது பேசுவது. இங்கே கதை கதைதான்.

மதியம் சொந்தக்காரர் பலர் வந்ததால் சஹன் வைத்தார்கள், பெரிய தட்டு ஒன்றில் நான்கு பேர். அவரவர் முன்னால் இருப்பதை மட்டும் எடுக்கவேண்டும், நடுவில் இருக்கும் கறியை மாமி பிய்த்து ஒவ்வொரு பக்கமும் தள்ளுவார். முந்தி முடித்தாலும் மற்றவர் முடிக்கும்வரை எழக்கூடாது. கடைசியில் தொதல்: அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து மணிக்கணக்கில் கிண்டியது. கையில் ஒட்டாமல் எண்ணெய் கக்கி நின்றால் பதம் சரி.

பிப்ரவரி 17, செவ்வாய் – பாம்பன்

அமாவாசை. இந்தக் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை, இருந்தாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றும். பாசிக்குப் போகும் பெண்கள் அந்த நாட்களைச் சேர்த்து மாதம் 12 நாள் மட்டுமே போவதென்று தாங்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். மற்ற நாட்கள் பாசி வளர்வதற்கு. அக்கா காலை ஆறரைக்கு வத்தை என்னும் சிறு படகில் போய் இரண்டு மணிக்குத் திரும்பினார். சேலைக்கு மேல் சட்டை, கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு, அதோடு துடுப்பாகக் கயிற்றால் கட்டிய அலுமினியத் தட்டு.

கரையில் உட்கார்ந்து விரல்களைப் பிரித்தார். ஒவ்வொரு விரலுக்கும் பழைய துணிக்கிழிசல் ஒன்று, நுனியிலிருந்து இரண்டாம் கணுவரை இறுக்கிச் சுற்றி நூலால் கட்டியது. பல்லால் முடிச்சை இழுத்து அவிழ்த்தார். துணிக்கடியில் விரல் வெளுத்துச் சுருங்கி, நகக்கண்ணில் கல் கீறிய கோடுகள். துணி சுற்றாமல் பாறையில் கைவிட்டால் ஒரே மணி நேரத்தில் ரத்தம் வரும். அதிகம் சுற்றினால் பாசியின் அடி தட்டுப்படாமல் வேரோடு வந்துவிடும். அடியை விட்டு நுனியைக் கிள்ளினால்தான் மறுபடி துளிர்க்கும்.

மாணவி கடலில் இறங்கிப் பாசி பறிக்கக் கூடாது என்பது முதலிலேயே பேசிவைத்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ஆய்வு இல்லை. வெளிநாட்டு மாணவி படகில் இருந்தால் அதிகாரிகளிடம் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பெண்கள்தான், அவர் பத்து வாரத்தில் போய்விடுவார். கரையில் பிரிப்பதே போதுமான படிப்பு. மரிக்கொழுந்து தனி, அது அகார் என்னும் கூழ்ப்பொருளுக்கு. கட்டக்கோரை தனி, அது ஆல்ஜினேட் என்னும் இன்னொரு கூழ்ப்பொருளுக்கு. வடக்குக்கடலில் மூங்கில் மிதவையில் வளர்ப்பதைப் பெப்சிப் பாசி என்பார்கள், அந்த நிறுவனம் தொடங்கிவைத்த பெயர் இன்னும் போகவில்லை. 12 அடிக்கு 12 அடி மிதவை, 60 கிலோ விதை, 45 நாளில் அறுவடை. பத்துக் கிலோ பச்சை காய்ந்தால் ஒரு கிலோ நிற்கும். மழைத்துளி பட்டால் நிறம் வெளுத்து விலை இறங்கும், அதனால் தார்ப்பாய் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்.

மாலையில் அந்தப் பெண் கரையில் ஒதுங்கிய பவளத்துண்டு ஒன்றை நினைவுக்கு எடுத்துவைத்தார். அக்கா வாங்கி எறிந்துவிட்டார், சரியாகவே செய்தார். பவளம் செத்ததானாலும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கிறது. கடல் அட்டையும் அதேபோல். விமான நிலையத்தில் பெட்டியில் அகப்பட்டால் படிப்பே முடிந்துவிடும்.

சொறி என்னும் ஜெல்லிமீன் ஒன்று அக்காவின் மணிக்கட்டில் பட்டிருந்தது. கடல்தண்ணீரால்தான் கழுவினார். நல்லதண்ணி ஊற்றினால் ஒட்டியிருக்கும் கொடுக்குகள் இன்னும் வெடித்து எரிச்சல் கூடும். தேய்க்கவும் கூடாது. மூச்சு முட்டினாலோ வீக்கம் ஏறினாலோ உடனே ஆஸ்பத்திரி.

பிப்ரவரி 18, புதன் – பாம்பன்

திருநீற்றுப் புதன். காலைப் பூசை முடிந்து எல்லோர் நெற்றியிலும் சாம்பல். இன்று ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு; சுத்தபோசனமும், அதாவது இறைச்சி இல்லாத சாப்பாடு. வெள்ளிக்கிழமை தோறும் சுத்தபோசனம் தொடரும். தவக்காலம் 40 நாளும் கவுச்சியே இல்லாத வீடும் உண்டு, கறியை மட்டும் விட்டு மீன் சமைக்கும் வீடும் உண்டு. இந்த வீடு இரண்டாவது வகை. இதை முதல் நாளே கேட்டிருக்கவேண்டும். பினாங்குப் பெண் நேற்று அத்தைக்கு ஆசையாகக் கோழி வாங்கித்தர இருந்தார்.

மாதச் சாப்பாட்டுப் பணமும் இன்றுதான் பேசி முடிந்தது. கடைசி நாளில் கவரில் வைத்துக் கொடுப்பது இருவருக்கும் சங்கடம். மாதம் பிறந்ததும், அத்தை கையில், அம்மாச்சி பார்க்க, ஒரே தொகை. தண்ணீர்க் குடத்துக்கு ஆகும் கூடுதல் செலவையும் அதில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்: நாளைக்கு ஒரு குடம் 15 ரூபாய் என்றால் மாதம் 450. இதை யாரும் நினைப்பதில்லை, வீட்டுக்காரர் கேட்கவும் மாட்டார்.

பிப்ரவரி 19, வியாழன் – கீழக்கரை

நோன்பு. வீடு நாலரைக்கு முன்பே விழித்து, விடியலுக்கு முந்தைய சாப்பாடான சஹர் முடித்து, தொழுது, மறுபடி படுத்துவிட்டது. பகல் பதினொரு மணிவரை தெரு மெதுவாகத்தான் நடக்கும். அளக்கும் வேலைக்கு அது நல்ல நேரம்.

நோன்பு வைக்காத விருந்தாளிக்கென்று மதியம் தனியாக உலை வைப்பார்கள். தடுத்தால் மனம் வருந்துவார்கள், தடுக்காவிட்டால் நோன்போடு அடுப்பில் நிற்பார்கள். டொராண்டோப் பெண் நேற்றிரவே உம்மாவிடம், “சஹர் சோத்துல கொஞ்சம் எடுத்து வச்சிருங்க உம்மா, நானே மேல போய்ச் சாப்பிட்டுக்கிறேன்,” என்று சொல்லிவிட்டது நல்ல ஏற்பாடு. மாடியில் சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவினார்.

மூன்று மணிக்குக் கஞ்சி ஏறியது. பச்சரிசி நொய் ஒரு டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன், பூண்டு ஒரு முழுப் பூடு, தண்ணீர் எட்டு டம்ளர், நல்லதண்ணிதான். பட்டை, கிராம்பு, இஞ்சி பூண்டு விழுது, வெங்காயம், தக்காளி, புதினா தனியே வதக்கிச் சேர்ப்பது. குழைந்ததும் தேங்காய்ப்பால். பால் ஊற்றிய பிறகு கொதிக்கவிட்டால் திரிந்துபோகும், ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கவேண்டும். அடி பிடிக்காமல் கிண்டும் வேலையை லாத்தா மாணவியிடம் கொடுத்தார். அகப்பையை வட்டமாகச் சுற்றாமல் அடியைச் சுரண்டி மேலே தூக்கவேண்டும். இரண்டு முறை சொல்லிக் காட்டினார். மூன்றாம் முறை அகப்பையை அவர் கையிலேயே விட்டுவிட்டுப் பேரீச்சம்பழம் கழுவப் போய்விட்டார்.

ஆறரைக்குச் சற்று முன்பு பாங்கு. முதல் கோப்பை பக்கத்து வீட்டுக்கு, இரண்டாவது தெருவில் நின்ற ஆட்டோக்காரருக்கு. கஞ்சியில் வெந்தயம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது, நாளைக்கு அரை ஸ்பூன் போடச் சொல்லி உம்மா அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து “சரி உம்மா” என்று பதில் வந்தது, யாழ்ப்பாணத்து இழுப்போடு.